ஏட்டுமொழி வீட்டுமொழியானது

நுழையும்முன்

மக்கள் நாவில் வழங்கும் வரையில்தான் ஒரு மொழி தாய்மொழியாகத் திகழும். வழிபாட்டிலும் ஏடுகளிலும் மட்டும் எஞ்சி நின்ற மொழியைக் குழந்தையின் மழலையாக மீண்டும் ஒலிக்கச் செய்தல் எளிதன்று. ஏறத்தாழ 1700 ஆண்டுகள் எவர்க்கும் தாய்மொழியாக இல்லாதிருந்த எபிரேயம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அந்நிலையை மீண்டும் எய்தியது. அதற்காகத் தம் வாழ்வையும் தம் குடும்பத்தின் வாழ்வையும் ஈடாக வைத்த எலியேசர் பென் யெகூதாவின் வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

எபிரேயத்தின் நிலை

எபிரேயம் செமித்திய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தது. அரபும் அரமேயமும் அதன் உறவு மொழிகள். யூதர்களின் திருமறை இம்மொழியில் அமைந்தது. ரோமப் பேரரசை எதிர்த்து யூதேயாவில் எழுந்த கிளர்ச்சிகள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முற்றிலும் ஒடுக்கப்பட்டன. மக்களுள் பலர் பல நாடுகளுக்குச் சிதறினர். எபிரேயம் படிப்படியாகப் பேச்சு வழக்கை இழந்தது. யூதர்கள் தாம் குடியேறிய நாடுகளின் மொழிகளைப் பேசலாயினர். கிழக்கு ஐரோப்பாவில் செருமானிய மொழியின் அடிப்படையில் தோன்றிய இத்திஷ் மொழியும், ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களிடையே லதீனோ மொழியும், கீழை நாடுகளில் அரபும் அவர்களின் வீட்டுமொழிகளாயின.

எனினும் எபிரேயம் முற்றும் மறைந்துவிடவில்லை. நாள்தோறும் அம்மொழியில் வழிபாடு நிகழ்ந்தது. சமய நூல்களுக்கு உரைகளும், செய்யுள்களும், கடிதங்களும் அதில் எழுதப்பட்டன. வெவ்வேறு நாட்டு யூதர்கள் எருசலேமின் கடைத்தெருவில் சந்தித்தபோது, அரைகுறை எபிரேயத்தில் விலை பேசிக்கொண்டனர். எழுதவும் ஓதவும் பயன்பட்ட அம்மொழியில் தாலாட்டு மட்டும் இல்லை. தாய் பிள்ளையைக் கடிந்துகொள்ளும் சொல் இல்லை. பிள்ளைகள் விளையாடும்போது கூவும் ஒலி இல்லை.

பிறப்பும் இளமையும்

உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்த லூஷ்கி என்னும் சிற்றூரில் 1858ஆம் ஆண்டு சனவரி 7ஆம் நாள் எலியேசர் பிறந்தார். அவ்வூர் இன்று பெலாரஸ் நாட்டில் உள்ளது. அவருடைய இயற்பெயர் எலியேசர் இட்சாக் பெர்ல்மன். ஐந்து வயதளவில் தந்தையை இழந்தார். வீட்டில் பேசியது இத்திஷ் மொழி. பிற யூதச் சிறுவர்களைப் போலவே அவரும் மிக இளம் வயதில் எபிரேய எழுத்துகளைக் கற்றுத் திருமறையை ஓதத் தொடங்கினார். மகன் சமய அறிஞனாக வேண்டும் என்பதே குடும்பத்தின் விருப்பம். எனவே, மாமனின் பொறுப்பில் போலோட்ஸ்க் நகரிலிருந்த சமயக் கல்விக்கூடத்திற்கு அவர் அனுப்பப்பட்டார்.

அக்கல்விக்கூடத்தின் தலைமை ஆசிரியர் வெளியே மரபு பேணும் சமய அறிஞராகவும், உள்ளுக்குள் ஐரோப்பிய அறிவொளி இயக்கத்தில் ஈடுபாடு கொண்டவராகவும் விளங்கினார். அவர் மாணவனுக்கு எபிரேய இலக்கணத்தை மறைவாகக் கற்பித்தார். எபிரேயத்தில் மொழிபெயர்க்கப்பட்டிருந்த ராபின்சன் குரூசோ கதையையும் படிக்கக் கொடுத்தார். கடல், கப்பல், ஆளரவமற்ற தீவு, ஒரு தனி மனிதனின் அன்றாட வாழ்வு ஆகியவற்றை, தாம் வழிபாட்டில் மட்டுமே கேட்ட மொழியில் கண்ட அச்சிறுவர் வியப்பில் ஆழ்ந்தார். சமயம் சாராத ஒன்றையும் எபிரேயத்தால் சொல்ல இயலும் என்னும் உண்மை அன்று அவர் மனத்தில் பதிந்தது. இத்தகைய நூல்களைப் படிப்பதை அறிந்த மாமன் சினந்து அவரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்.

கையில் பொருளின்றிக் குளுபோக்கோயே என்னும் ஊரை அடைந்த சிறுவரை, வழிபாட்டுக் கூடத்தில் கண்ட யோனாஸ் என்பவர் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்றார். அவருடைய மூத்த மகள் தெபோரா எலியேசருக்கு உருசியம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளைக் கற்பித்தார். பின்னாளில் அவருடைய வாழ்க்கைத் துணையானவரும் இவரே. இம்மொழிகளின் துணையுடன் எலியேசர் தூனபர்க் நகரின் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து 1877ஆம் ஆண்டு கல்வியை நிறைவு செய்தார்.

பாரிசில் உருவான எண்ணம்

அதே ஆண்டில் உருசியாவுக்கும் துருக்கிக்கும் இடையே போர் மூண்டது. நெடுங்காலம் துருக்கியரின் ஆட்சியில் இருந்த பல்கேரியர்கள் விடுதலை பெறுவதைப் பற்றி இதழ்கள் நாள்தோறும் எழுதின. கிரேக்கரும் இத்தாலியரும் முன்னரே தம் நாடுகளை மீட்டிருந்தனர். ஒவ்வொரு மக்களும் தம் நிலத்தையும் மொழியையும் நாடும்போது யூதர்களும் அவ்வாறு நாடலாகாதா என்னும் வினா எலியேசரின் உள்ளத்தில் எழுந்தது. 1878ஆம் ஆண்டு மருத்துவம் பயிலப் பாரிஸ் சென்றார். படிப்பைவிட இவ்வினாவே அவரை ஆட்கொண்டது.

1879ஆம் ஆண்டு வியன்னாவிலிருந்து வெளிவந்த ‘ஹஷாகர்’ என்னும் எபிரேய இதழில் இது குறித்துக் கட்டுரை எழுதினார். அதில் ‘பென் யெகூதா’ என்னும் புனைபெயரைப் பயன்படுத்தினார். ‘யெகூதாவின் மகன்’ என்பது அதன் பொருள். யெகூதா என்பது அவருடைய தந்தையின் பெயர்; யூத மக்களின் பெயருக்கு வேராக அமைந்ததும் அதுவே. பின்னர் அதனையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் காசநோய் அவரைத் தாக்கியது. அவர் நெடுநாள் வாழார் என்றே பலரும் எண்ணினர். மருத்துவக் கல்வி தடைப்பட்டது. வெப்பமான தட்பவெப்பத்தை நாடி வட ஆப்பிரிக்காவின் அல்ஜியர்ஸ் நகருக்குச் சென்றார். அங்கிருந்த யூதர்களுடன் உரையாடுவதற்கு எபிரேயமே அவருக்குப் பொதுமொழியாயிற்று. அவர்களின் கீழைநாட்டு ஒலிப்புமுறை அவரைக் கவர்ந்தது. தாம் மீட்கவிருக்கும் பேச்சு எபிரேயத்திற்கு அவ்வொலிப்புமுறையே ஏற்றது என்று முடிவு செய்தார். எழுத்தில் வாழும் மொழி பேச்சிலும் வாழ இயலும் என்பதற்கு அல்ஜியர்ஸ் அனுபவம் அவருக்குச் சான்றாயிற்று.

எருசலேமில் ஓர் இல்லம்

1881ஆம் ஆண்டு பென் யெகூதா தெபோராவைக் கெய்ரோ நகரில் மணந்தார். கணவரின் நோயை அறிந்தே தெபோரா இம்மணத்திற்கு உடன்பட்டார். இருவரும் அவ்வாண்டே துருக்கியர் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்தின் யாப்பா துறைமுகத்தை அடைந்து, பின் எருசலேமில் குடியேறினர். இனித் தம் இல்லத்தில் எபிரேயம் மட்டுமே பேச வேண்டும் என்று பென் யெகூதா உறுதி பூண்டார். மனைவிக்கோ அம்மொழியில் பயிற்சி மிகக் குறைவு. பன்மொழி கற்ற தெபோரா, தம் கருத்தைச் சொல்லச் சொல்லின்றிச் சைகையாலும் மௌனத்தாலும் நாள்களைக் கழிக்க நேர்ந்தது. கணவரிடமே எபிரேயத்தைச் சிறிது சிறிதாகக் கற்றுக்கொண்டார்.

1882ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பென் சீயோன் எனப் பெயரிட்டனர். பிறந்த நாள் முதல் எபிரேயம் தவிர வேறு மொழி அக்குழந்தையின் செவியில் விழலாகாது என்பது தந்தையின் ஆணை. பிற மொழி பேசும் விருந்தினர் வந்தால் குழந்தையை வேறு அறைக்கு அனுப்பிவிடுவர். அண்டை வீட்டுப் பிள்ளைகளுடன் விளையாடவும் இசைவில்லை. குழந்தை நெடுநாள் பேசாதிருந்தது. அது ஊமையாகிவிடும் என நண்பர்கள் அஞ்சினர். ஒரு மொழியையேனும் இயல்பாகப் பேசவிடுமாறு மன்றாடினர். தந்தை இணங்கவில்லை.

ஒருநாள் தெபோரா தம்மை மறந்து உருசியத் தாலாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார். வெளியே சென்று திரும்பிய பென் யெகூதா அதனைக் கேட்டுக் கடுஞ்சினம் கொண்டார். அந்தக் கலக்கத்தில்தான் குழந்தை முதன்முதலாக வாய்திறந்து பேசியது என்பர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் எபிரேயத்தைத் தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த முதற்குழந்தை என்று வரலாறு அச்சிறுவரைக் குறிப்பிடுகிறது. வளர்ந்தபின் அவர் இதழாளரானார்; இதாமர் பென் ஆவி என்று பெயரை மாற்றிக்கொண்டார். ‘பென் ஆவி’ என்பதற்கு என் தந்தையின் மகன் என்பது பொருள். ‘ஆவி’ என்னும் சொல்லின் மூன்று எபிரேய எழுத்துகளும் எலியேசர் பென் யெகூதா என்னும் பெயரின் முதலெழுத்துகளாகவும் அமைந்தன. கொள்கையின் சுமையைக் குழந்தைப் பருவத்திலேயே தாங்கிய மகன், தந்தையின் பெயரைத் தம் பெயராகவே சுமந்தார்.

பள்ளியும் இதழும்

ஓர் இல்லத்தில் பேசப்படுவதால் மட்டும் மொழி பரவிவிடாது என்பதைப் பென் யெகூதா உணர்ந்திருந்தார். எருசலேமில் நிசிம் பேகார் தலைமையில் இயங்கிய பள்ளியில் எபிரேய ஆசிரியராகச் சேர்ந்தார். அதுவரை எபிரேயப் பாடத்தை மாணவரின் வீட்டுமொழியில் மொழிபெயர்த்தே கற்பிப்பது வழக்கம். அப்பள்ளியிலோ எபிரேயத்தை எபிரேயம் வழியாகவே கற்பிக்கும் முறை பின்பற்றப்பட்டது. வெவ்வேறு வீட்டுமொழிகளைக் கொண்ட சிறுவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தமையால், அவர்களுக்கு இடையே பாலமாக நிற்கக்கூடிய மொழியாக எபிரேயம் விளங்கியது. சில மாதங்களிலேயே மாணவர்கள் எளிய செய்திகளை அம்மொழியில் பேசலாயினர். நலிந்த உடல்நிலையால் பென் யெகூதா விரைவில் ஆசிரியப் பணியை விட்டார். ஆயினும், அம்முறை பிற பள்ளிகளுக்குப் பரவியது. புதிய குடியேற்ற ஊரான ரிஷோன் லெசீயோனில் 1886ஆம் ஆண்டு எபிரேயவழிப் பள்ளி தொடங்கியது. 1898ஆம் ஆண்டு அவ்வூரிலேயே எபிரேய மழலையர் பள்ளியும் தோன்றியது.

1884ஆம் ஆண்டு பென் யெகூதா ‘ஹட்சுவி’ என்னும் இதழைத் தொடங்கினார். உள்ளூர்ச் செய்தி, உலகச் செய்தி, வேளாண்மை, அறிவியல் எனப் பல துறைகளையும் எளிய எபிரேயத்தில் அவ்விதழ் தந்தது. செய்தி எழுதுகையில் சொல் கிடைக்காத ஒவ்வோர் இடத்திலும் புதுச்சொல் ஒன்றைப் படைக்க வேண்டியதாயிற்று. அச்சொற்களை இதழின் வழியே மக்களிடம் கொண்டு சேர்த்தார்.

எதிர்ப்பும் இழப்பும்

பென் யெகூதாவின் முயற்சியை எருசலேமின் மரபுவழி யூதர்கள் பலர் கடுமையாக எதிர்த்தனர். இறைவனைப் போற்றுவதற்குரிய புனித மொழியில் காய்கறி விலை பேசுவதும் வீட்டு வேலை ஏவுவதும் அம்மொழியை இழிவுபடுத்துவதாகும் என்பது அவர்கள் கருத்து. பல தலைமுறைகளாகத் தம் அடையாளத்தை வழிபாட்டினால் காத்துவந்த மக்களின் அச்சத்தில் பொருளில்லாமல் இல்லை. அயல்நாட்டு யூதர்கள் அனுப்பும் அறக்கொடைப் பணத்தைச் சார்ந்து வாழ்வதையும், அப்பணம் பங்கிடப்படும் முறையையும் பென் யெகூதா தம் இதழில் இடித்துரைத்தது பகையை மேலும் வளர்த்தது. அவர் சமயவிலக்கு செய்யப்பட்டார்.

1891ஆம் ஆண்டு தெபோரா காசநோயால் மறைந்தார். வறுமையும் தனிமையும் நிறைந்த பத்தாண்டு வாழ்வில் எபிரேயத்தைக் கற்று, அம்மொழியில் பிள்ளைகளை வளர்த்த முதல் தாய் அவரே. அவர் மறைந்த துயர் ஆறுமுன் தொண்டை அடைப்பான் நோய் அவருடைய குழந்தைகளுள் மூவரை அடுத்தடுத்துப் பறித்துச் சென்றது. பின்னர்த் தெபோராவின் தங்கை எருசலேமுக்கு வந்து பென் யெகூதாவை மணந்தார். ஹெம்தா என்னும் எபிரேயப் பெயரை ஏற்ற அவர், விரைவில் அம்மொழியைக் கற்றுத் தேர்ந்தார். இதழில் எழுதினார், கணவரின் பணிக்குப் பொருள் திரட்டினார்.

1893ஆம் ஆண்டின் இறுதியில் வேறோர் இடர் வந்தது. யூதர்களின் விளக்குத் திருநாளையொட்டி இதழில் வெளியான கட்டுரையில், வலிமை திரட்டி முன்னேறுவது பற்றிய தொடர் ஒன்று இருந்தது. அத்தொடர் துருக்கிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சியைத் தூண்டுவதாக எதிர்ப்பாளர்கள் அதிகாரிகளிடம் முறையிட்டனர். பென் யெகூதா கைது செய்யப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். மேல்முறையீட்டில் விடுதலையானார். எனினும் இதழ் சில காலம் முடங்கியது. ஒரு சொல்லை எப்படிப் பொருள்கொள்வது என்பதே ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் வழக்காக மாறியது.

சொல்லாக்கம்

திருமறையில் இடம்பெறும் வெவ்வேறு சொற்கள் ஏறத்தாழ எட்டாயிரம். அரசர், போர், வழிபாடு, அறம் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் அவற்றுள் நிறைந்திருந்தன. ஒரு குழந்தை கையில் பிடித்து விளையாடும் பொம்மைக்கும், முகம் துடைக்கும் துண்டுக்கும் சொல் இல்லை. மகனை எபிரேயத்தில் வளர்த்த தந்தைக்கு இக்குறை முதலில் தம் வீட்டிலேயே தென்பட்டது.

எபிரேயச் சொற்களுள் பெரும்பாலானவை மூன்று மெய்யெழுத்துகளைக் கொண்ட வேரிலிருந்து பிறப்பவை. உயிரொலிகளும் முன்னொட்டு, பின்னொட்டுகளும் வேருடன் கூடிப் பொருளை வேறுபடுத்தும். ‘காதவ்’ என்றால் எழுதினான். ‘கோதேவ்’ என்றால் எழுதுபவன். ‘மிக்தாவ்’ என்றால் கடிதம். எழுது, எழுத்து, எழுத்தாளர், எழுதுகோல் எனத் தமிழில் சொற்கள் கிளைப்பதை இதனுடன் எண்ணிப் பார்க்கலாம். பென் யெகூதா பழைய நூல்களில் புதைந்திருந்த வேர்களைத் தேடி எடுத்து, அவற்றை மொழியின் இயல்பான வார்ப்புகளில் அமைத்துப் புதுச்சொற்களைப் படைத்தார்.

அகராதியைச் ‘சொற்களின் நூல்’ எனப் பொருள்படும் இரு சொற்களால் குறிப்பது முன்னைய வழக்கம். அவர் சொல் எனப் பொருள்படும் ‘மிலா’ என்பதிலிருந்து ‘மிலோன்’ என்னும் ஒரு சொல்லைப் படைத்தார். காலம் எனப் பொருள்படும் ‘எத்’ என்பதிலிருந்து செய்தித்தாளைக் குறிக்கும் ‘இதோன்’ பிறந்தது. உறைபனியைக் குறித்த பழஞ்சொல்லின் வழியே பனிக்கூழுக்குக் ‘கிளிதா’ என்னும் பெயர் வந்தது. துடைக்கும் துண்டு ‘மகேவெத்’ ஆயிற்று. பொம்மை ‘பூபா’ ஆயிற்று. எபிரேயத்தில் இறந்துபட்ட வேர்களை அதன் உறவு மொழியான அரபிலிருந்து மீட்கலாம் என்பதும் அவருடைய உறுதியான கருத்து.

அவர் படைத்த சொற்கள் அனைத்தையும் மக்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தக்காளிக்கு ஒருவர் ‘அக்வனியா’ என்னும் சொல்லை ஆக்கினார். காதல் வேட்கையைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த அச்சொல் நாகரிகமற்றது என்று பென் யெகூதா வெறுத்தார். அரபுச் சொல்லைத் தழுவிய ‘பதுரா’ என்னும் சொல்லையே முன்வைத்தார். அவர் இல்லத்தில் அதுவே வழங்கியது. கடைத்தெருவோ ‘அக்வனியா’வைத் தேர்ந்துகொண்டது. இன்றும் எபிரேயத்தில் தக்காளியின் பெயர் அதுவே. சொல்லைப் படைப்பவர் அறிஞராக இருக்கலாம்; அதற்கு வாழ்வளிக்கும் உரிமை பேசும் மக்களிடமே உள்ளது.

1890ஆம் ஆண்டு அவர் தாவீது யெலின் முதலிய அறிஞர்களுடன் சேர்ந்து மொழிக்குழு ஒன்றை அமைத்தார். புதுச்சொற்களை ஆராய்வதும் ஒலிப்பையும் எழுத்துமுறையையும் ஒழுங்குபடுத்துவதும் அதன் நோக்கங்கள். சிறிது காலத்தில் கலைந்த அக்குழு பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. 1953ஆம் ஆண்டு அதுவே எபிரேய மொழிக் கழகமாக வளர்ச்சியுற்றது.

தெரிந்து தெளிவோம்

சாலமோன் அரசனுக்குக் கப்பல்கள் கொண்டுவந்த அரும்பொருள்களுள் ‘துக்கி’ என்னும் பறவையை எபிரேயத் திருமறை குறிப்பிடுகிறது. இச்சொல் மயிலைக் குறிப்பது என்றும், தமிழின் ‘தோகை’ என்னும் சொல்லுடன் தொடர்புடையது என்றும் மொழியறிஞர் பலர் கருதுவர். பண்டைக் கடல் வணிகத்தின் சுவடாக அமைந்த இச்சொல், இக்கால எபிரேயத்தில் பொருள் மாறிக் கிளியைக் குறிக்கிறது.

அகராதிப் பணி

பென் யெகூதாவின் வாழ்நாள் உழைப்பின் பெரும்பகுதி பழைய, புதிய எபிரேயச் சொற்கள் அனைத்தையும் தொகுக்கும் பேரகராதியில் அடங்கியது. திருமறைக் காலம் முதல் தம் காலம் வரை எழுதப்பட்ட நூல்களையும் கையெழுத்துச் சுவடிகளையும் தேடிப் படித்தார். ஒவ்வொரு சொல்லும் எந்நூலில், எப்பொருளில் வந்துள்ளது என்பதைத் தாள்களில் குறித்துச் சேர்த்தார். இதற்காக ஐரோப்பிய நகரங்களின் நூலகங்களுக்குச் சென்றார். முதல் உலகப்போரின்போது குடும்பத்துடன் அமெரிக்காவில் தங்க நேர்ந்த காலத்திலும் நியூயார்க் நூலகத்தில் பணியைத் தொடர்ந்தார். நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் வரை உழைத்ததாகக் கூறுவர். இளமையிலேயே முடிந்துவிடும் எனக் கருதப்பட்ட வாழ்வு, இவ்வாறு அறுபதைக் கடந்தும் நீண்டது.

அகராதியின் முதல் தொகுதி 1908ஆம் ஆண்டு வெளிவந்தது. அவர் மறைந்தபோது பணியின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது. ஹெம்தாவும் மகன் எகூதும் அறிஞர்களின் துணையுடன் அதனைத் தொடர்ந்தனர். ஹெம்தா 1951ஆம் ஆண்டு மறைந்தார். 1959ஆம் ஆண்டு, முன்னுரைத் தொகுதியுடன் சேர்த்துப் பதினேழு தொகுதிகளாக அகராதி நிறைவுற்றது. முதல் தொகுதிக்கும் இறுதித் தொகுதிக்கும் இடைப்பட்ட காலம் ஐம்பத்தோர் ஆண்டுகள்.

வகுப்பறையில் வென்ற மொழி

எபிரேயத்தை அன்றாடப் பேச்சுக்குக் கொண்டுவந்த பெருமை ஒருவரை மட்டும் சார்ந்ததன்று. உருசியாவில் நேர்ந்த வன்முறைகளுக்குத் தப்பியும் புதுவாழ்வை நாடியும் வந்த குடியேறிகளும், குறைந்த ஊதியத்தில் சிற்றூர்ப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்களும் அதில் பங்குடையவர்கள். பாடநூல் இல்லை; கலைச்சொல் இல்லை; ஆசிரியர்களே முந்தைய இரவு சொற்களைத் தேடி மறுநாள் கற்பித்தனர். 1903ஆம் ஆண்டு எபிரேய ஆசிரியர் சங்கம் உருவானது. பள்ளியில் எபிரேயம் பேசிய பிள்ளைகள் வளர்ந்து தம் வீடுகளில் அதனையே பேசினர். அவர்களின் குழந்தைகளுக்கு அது கற்ற மொழியாக இல்லாமல் பிறப்பிலேயே வாய்த்த மொழியாயிற்று.

1913ஆம் ஆண்டு கைபா நகரில் தொடங்கவிருந்த தொழில்நுட்பக் கல்லூரியில் அறிவியல் பாடங்களைச் செருமன் மொழியில் கற்பிக்க அதன் நிருவாகம் முடிவு செய்தது. அறிவியலைச் சொல்ல எபிரேயத்தில் போதிய சொற்கள் இல்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். ஆசிரியர்களும் மாணவர்களும் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினர். பென் யெகூதாவும் எதிர்ப்பில் முன்னின்றார். சொற்கள் பெருகியபின் கற்பிக்கத் தொடங்கலாம் என்றால் அந்நாள் வாராது. கற்பிக்கத் தொடங்கினால் சொற்கள் பெருகும் என்பது எபிரேயத் தரப்பின் நிலைப்பாடு. 1914ஆம் ஆண்டு எபிரேயத்திற்கு ஆதரவாக முடிவு மாறியது. அதே காலத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், பாலஸ்தீன யூதர்களுள் பத்தில் நான்கு பேரளவில் எபிரேயத்தைத் தம் முதன்மை மொழியாகக் குறிப்பிட்டனர்.

மறைவும் மதிப்பீடும்

முதல் உலகப்போருக்குப் பின் பாலஸ்தீனம் பிரித்தானிய ஆட்சியின்கீழ் வந்தது. 1922ஆம் ஆண்டு ஆங்கிலம், அரபு, எபிரேயம் ஆகிய மூன்றும் அங்கு ஆட்சிமொழிகளாக ஏற்கப்பட்டன. தனி ஒருவரின் வீட்டில் தொடங்கிய பேச்சு அரசின் ஆவணங்களில் இடம்பெறுவதைக் கண்டபின், அவ்வாண்டு டிசம்பர் 16ஆம் நாள் பென் யெகூதா எருசலேமில் மறைந்தார். ஒருகாலத்தில் அவரை விலக்கி வைத்த அந்நகரில் அவருடைய இறுதி ஊர்வலத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் கலந்துகொண்டனர். ஒலிவ மலையில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். 1948ஆம் ஆண்டு இஸ்ரேல் நாடு உருவானபோது எபிரேயம் அதன் ஆட்சிமொழிகளுள் ஒன்றாயிற்று. இன்று அந்நாட்டில் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் அம்மொழியில் கற்பிக்கப்படுகின்றன.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் வரலாறு பதிவு செய்துள்ளது. எபிரேயம் தழைத்தபோது, பல நூற்றாண்டுக் கதையும் பாடலும் நகைச்சுவையும் கொண்ட இத்திஷும் லதீனோவும் அந்நிலத்தில் தேய்ந்தன. குடியேறியவர்கள் தம் தாயின் மொழியைத் தெருவில் பேச நாணும் நிலையும் ஏற்பட்டது. அந்நிலத்தில் பெரும்பான்மையினராக வாழ்ந்தவர்கள் அரபு மொழி பேசும் மக்கள். அவர்களுக்கும் குடியேறியவர்களுக்கும் இடையே எழுந்த நிலவுரிமைப் பூசல் பெருந்துயரமாக வளர்ந்து, இன்றுவரை தீராதுள்ளது. விளையாட்டுத் தோழரின்றி வளர்ந்த மகனும், தாலாட்டுக்காகக் கடிந்துகொள்ளப்பட்ட தாயும் பென் யெகூதாவின் உறுதிக்கு விலை கொடுத்தவர்கள். அவருடைய வாழ்வைப் போற்றுபவர்கள் இவற்றையும் சேர்த்தே எண்ணுதல் நேர்மையாகும்.

மொழியின் தொன்மையைப் புகழ்ந்து பேசியவர்கள் அவர் காலத்தில் பலர் இருந்தனர். பென் யெகூதா அதனைச் சமையலறைக்கும் வகுப்பறைக்கும் செய்தித்தாளுக்கும் கொண்டுசென்றார். பழம்பெருமை ஒரு மொழியை ஏட்டில் காக்கும். அன்றாடப் பயன்பாடே அதனை நாவில் காக்கும். பொம்மைக்கும் துண்டுக்கும் பெயர் தேடிய அவருடைய எளிய தேவையிலிருந்தே ஒரு மொழியின் மறுவாழ்வு தொடங்கியது.

கற்பவை கற்றபின்

1. நீங்கள் ஒருநாள் முழுவதும் பயன்படுத்தும் பொருள்களுள் தமிழ்ப்பெயர் வழங்காதவற்றைப் பட்டியலிட்டு, தமிழ் வேர்ச்சொற்களிலிருந்து அவற்றுக்குப் புதுப்பெயர்கள் உருவாக்குக.

2. அறிஞர்கள் உருவாக்கிய கலைச்சொற்களுள் மக்கள் ஏற்றுக்கொண்டவை ஐந்தையும் ஏற்காதவை ஐந்தையும் திரட்டி, அதற்கான காரணங்களை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘மொழிக்காகக் குழந்தையின் இயல்பான வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது முறையா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.